வயது வந்த குடும்ப உறுப்பினர்

ஜூன் 6

கோடை விடுமுறை முடிந்து உரிமையியல் நீதிமன்றங்கள் இன்று திறந்தன. திறந்த முதல் நாளிலேயே என் தங்கை என்மீது வழக்குத் தொடுத்திருக்கிறாள். மாலையில் வக்கீல் ஐயாத்துரை தொலைபேசியில் சொன்னார். கல்லூரியில் என் வகுப்புத் தோழர். பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு தாள் நகராது.

"திருமலை, உம்ம தங்கச்சி பிராது போட்டுட்டா வே. வடிவு வாதி. நீரு பிரதிவாதி."

"எதற்கு?"

"சொத்துக்குன்னு நெனச்சேன். இல்ல. அம்மாவப் பாக்கணுமாம்."

நகலை வரவழைத்து, விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவுடன் படித்தேன். எங்கள் தாயார் ஆவுடையம்மாள் என் வீட்டில் இருக்கிறாள். அவளைச் சந்திக்க விடாமல் நான் தடுக்கக் கூடாது என்று நிரந்தரத் தடையாணை வேண்டும். வழக்கு முடியும்வரை வாரம் ஒரு முறை பார்க்க இடைக்கால அனுமதி வேண்டும். வடிவின் வழக்கறிஞர் ரஹ்மத் பேகம் என்ற இளம்பெண். ஒரு சொல் மிகையில்லை, ஒரு வசை இல்லை. "பிரதிவாதி கொடியவர்" என்று எழுதவில்லை. "பிரதிவாதி கதவைத் திறப்பதில்லை" என்று எழுதியிருக்கிறார். முப்பதாண்டுகளாகக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடச் சுருக்கமாக ஒரு கூற்றை நிறுவ முடியாது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

ஜூன் 9

மோட்டார் பழுது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் நாளை வருவானாம்.

என் நிலைப்பாட்டை ஒரு முறை எழுதி வைப்பது நல்லது. நான்காண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபோது நான் ஜெர்மனியில் ஒரு கருத்தரங்கில் இருந்தேன். திங்கள் மாலை செய்தி வந்தது. வியாழக்கிழமை என் கட்டுரை. வெள்ளிக்கிழமை விமானத்தில் புறப்பட்டுவிட்டேன். வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தவள் வடிவு. மூத்த மகன் ஒருவன் உயிரோடு இருக்க, ஊரார் பார்க்க, ஈரச்சேலையோடு குடம் சுமந்து மூன்று சுற்று வந்து கொள்ளி வைத்திருக்கிறாள். அன்று முதல் நான் அவளோடு பேசவில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. குரலை உயர்த்துகிறவர்களின் கோபம் சில நாளில் தணிந்துவிடும்.

பிப்ரவரியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. ஊரிலிருந்து இங்கே பெருமாள்புரத்துக்கு அழைத்துவந்தேன். வடிவு கோவில்பட்டியில் கால்நடை மருத்துவர். சில முறை வந்து கேட்டருகே நின்றாள். கேட் திறக்கப்படவில்லை.

ஜூன் 11

ஐயாத்துரையின் அலுவலகம். அவர் விளக்கியது எளிமையானது. அழைப்பாணை என் கைக்கு முறைப்படி வந்து சேர்வதற்கு நீதிமன்றத் தமிழில் 'சார்பு' என்று பெயர். சார்பு ஆகாதவரை வழக்கு நகராது. மறுதரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போடும் பழக்கம் இந்த நீதிபதிக்கு இல்லை.

"அப்ப நீரு சம்மன வாங்காத வரைக்கும் ஒண்ணும் நடக்காது. இழுத்துக்கிட்டே போலாம்."

"எவ்வளவு?"

"ஆறு மாசம். கெட்டிக்காரத்தனமா இருந்தா ஒரு வருசம்." பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அம்மாவுக்கு இப்ப என்ன வயசு வே?"

"எண்பத்திரண்டு."

அவர் காபி சொல்லி அனுப்பினார்.

ஜூன் 14

வீட்டாருக்கு நடைமுறைகளை விளக்கினேன். அழைப்பாணையை யாரும் 'மறுக்க'க் கூடாது; மறுத்தால் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். நான் வீட்டில் இல்லை என்ற நிலைதான் பாதுகாப்பானது. நான் இல்லாதபோது, என்னோடு வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினர் எவரும் எனக்காகக் கையெழுத்திட்டு வாங்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஆகவே என் மனைவி உலகம்மை வாசலுக்கு வரவே கூடாது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் ஜெபமணி வாங்கினால் செல்லாது. பணியாளர் குடும்ப உறுப்பினர் அல்லர் என்று அதே விதி தெளிவுபடுத்துகிறது. ஆகவே கதவைத் திறக்க ஜெபமணியே தகுந்தவள்.

"ஏங்க, இவ்வளவு படிச்சது இதுக்குத்தானா?" என்றாள் உலகம்மை.

அது கேள்வியன்று.

ஜூன் 17

அழைப்பாணை கொடுக்கும் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்தார். பேச்சிமுத்து என்று பெயராம். சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும் பின்கதவு வழியாக அடுத்த வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அங்கே ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தனுஷ்கோடி செம்பருத்திக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார். உரத்தின் விகிதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"சார் வீட்ல இல்லீங்க" என்று ஜெபமணி சொன்னது மதில் வழியே கேட்டது. அது அந்தக் கணத்தில் முழு உண்மை. இந்த விவகாரத்தில் என் சார்பில் ஒரு பொய்யும் சொல்லப்படாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

ஜூன் 28

பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். தபால்காரர் வரும் நேரம் எனக்கு வகுப்பு. வீடு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. 'கதவு பூட்டியுள்ளது' என்று எழுதித் திருப்பினார்.

இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் கையாள்கிறார் இந்த ரஹ்மத் பேகம். பாராட்டத்தக்கது.

ஜூலை 2

கேஸ் சிலிண்டர் வந்தது. தபால்காரர் வரவில்லை.

ஜூலை 9

இன்றைய நகர்வு நேர்த்தியானது. காலையில் என் கைப்பேசிக்கு வாட்ஸப்பில் அழைப்பாணையின் பிரதி வந்தது. நான் திறக்கவில்லை, படித்ததைக் காட்டும் நீலக்குறியை முன்பே அணைத்து வைத்திருந்தேன். மதியம் மின்னஞ்சல். அதையும் திறக்கவில்லை. மாலையில் எங்கள் துறைக் குழுவில் ஒரு செய்தி: "பேராசிரியர் திருமலையப்பன் அவர்களுக்கு வாட்ஸப்பிலும் மின்னஞ்சலிலும் ஓர் ஆவணம் அனுப்பப்பட்டுள்ளது. பார்க்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்." துறை உதவியாளருக்கு யாரோ தொலைபேசியில் சொல்லி, அவர் பணிவோடு போட்டிருக்கிறார். என்ன ஆவணம் என்று சொல்லவில்லை, என்னை அவமானப்படுத்தவில்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று இனி நான் சொல்ல முடியாத இடத்துக்கு என்னை ஓர் அடி தள்ளிவிட்டார்.

தெரிவது வேறு, சார்பாவது வேறு என்று ஐயாத்துரை சொல்கிறார். உண்மைதான். இருந்தாலும் அந்தப் பெண் என் மாணவியாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜூலை 20

அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இதயம் பலவீனம். "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாங்க சார். பாக்கணும்னு நெனைக்கிறவங்க யாராவது வெளியூர்ல இருந்தா..." என்று தொடங்கினார். மருந்துச் சீட்டில் புதிய மாத்திரை உணவுக்கு முன்பா, பின்பா என்று கேட்டேன்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. நோயின் விளைவாகப் பேச்சு மங்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஜெபமணியோடு அறையில் ஏதோ பேசுகிற ஒலி சமையலறை வரை கேட்கத்தான் செய்கிறது. சொற்கள் தெளிவாக இருப்பதில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 29

இன்று வாய்தா. ஐயாத்துரை எனக்காக இன்னும் ஆஜராகவில்லை; ஆஜரானால் சார்பு ஆகிவிடும். வேறொரு வழக்குக்காக வந்தவர்போல உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து சொன்னார். ரஹ்மத் பேகம் மாற்று முறைச் சார்புக்கு மனுப்போட்டு வாதிட்டிருக்கிறார். நேரில் கொடுக்க முடியாதபோது, பிரதிவாதியின் வீட்டு வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி அழைப்பாணையை ஒட்டலாம். ஒட்டினால் கையில் கொடுத்ததற்குச் சமம். அக்காலத்தில் தண்டோரா போட்டும் அறிவித்திருக்கிறார்கள். ஓடுகிறவனைத் துரத்தாமல், அவன் நிற்க வேண்டிய இடத்தில் காகிதத்தை நிறுத்திவிட்டுப் போய்விடுவது. நம் சட்டத்தை வகுத்தவர்கள் மனிதர்களை அறிந்திருக்கிறார்கள்.

வடிவும் நீதிமன்றத்துக்கு வந்திருந்தாளாம். "கைல ஒரு பை வே. அம்மாவுக்குக் கொண்டாந்ததாம். திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

பையில் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஒட்டுவதற்கு நீதிபதி அனுமதித்துவிட்டார்.

ஆகஸ்ட் 10

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

எங்கள் தெருவில் மாநகராட்சி கதவிலக்கங்களை மாற்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் வீடு பழைய எண் பதினான்கு, புதிய எண் பதினாறு. தனுஷ்கோடியின் வீடு பழைய எண் பன்னிரண்டு, புதிய எண் பதினான்கு. வடிவு மனத்திலிருந்த பழைய எண்ணைக் கொடுத்திருக்கிறாள். 'பழைய' என்ற சொல் பிராதில் விடுபட்டுவிட்டது. முன்பு சைக்கிளில் வந்தவருக்கு வீடு தெரியும். இன்று அவர் விடுப்பு. பதிலாக வந்தவர் எண்ணைப் பார்த்து, தனுஷ்கோடியின் தேக்குக் கதவில் பசை தடவி, அழைப்பாணையை அழுத்தி ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

பதினோரு மணிக்குத் தனுஷ்கோடி என் வீட்டுக் கூடத்தில் நின்றார். கையில், கதவிலிருந்து பாதி கிழிந்து வந்த அந்தத் தாள். அவருக்குக் காது மந்தம்; ஆகவே பேசுவதெல்லாம் நடைமேடை அறிவிப்பு.

"என்னவே இது? முப்பத்தெட்டு வருசம் சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்குனதில்ல. என் கதவுல கோர்ட்டு நோட்டீஸ்! போன வாரந்தான் பாலிஷ் போட்டேன் வே!"

"மெதுவாகப் பேசுங்கள். உங்களுக்கு அல்ல அது."

"எனக்கு இல்லன்னு எனக்குத் தெரியாதா? படிச்சுட்டுத்தான வாரேன்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நான் கைநீட்டுமுன் வாசித்தார். "வாதி, டாக்டர் சொ. வடிவு. பிரதிவாதி, சொ. திருமலையப்பன். வாதி தன் தாயாரான ஆவுடையம்மாளைப் பார்க்க விடாமல் பிரதிவாதி கதவை அடைத்து..."

"தனுஷ்கோடி சார்."

"...வாதி பல முறை நேரில் வந்தும் திருப்பி அனுப்பப்பட்டும்... அட, இந்தப் பிள்ளைதானா? மழைல குடையில்லாம கேட்டுகிட்ட நின்னுச்சே, அது ஒம்ம தங்கச்சியா? எதோ மெடிக்கல் ரெப்புன்னுல்லா நெனச்சேன்!"

தாளை வாங்கிக்கொண்டு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவர் கதவுக்குப் புது பாலிஷ் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

கூடத்தை ஒட்டியது அம்மாவின் அறை. கதவு திறந்துதான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன. உறங்கிக்கொண்டிருந்தாள் என்றே கருதுகிறேன். ஜெபமணி ஏனோ என்னைப் பார்க்காமல் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தவறான கதவில் ஒட்டியது சார்பாகாது. ஐயாத்துரை தொலைபேசியிலேயே சிரித்தார்.

ஆகஸ்ட் 13

அம்மா காலை வெயிலில் உட்கார வேண்டுமென்று கேட்டதாக ஜெபமணி சொன்னாள். நல்ல அறிகுறி. முன் வராந்தாவுக்குச் சக்கர நாற்காலி போக வசதியாக ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19

வாய்தா. தவறான கதவைப் பற்றி நீதிபதியிடம் ரஹ்மத் பேகம் தாமாகவே சொல்லிவிட்டார். மறைத்திருக்கலாம், நான் ஆட்சேபித்தால்தானே வெளியே வரும். "பிழை எங்கள் தரப்பினுடையது" என்று சொல்லிவிட்டு, நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறார். நீதிபதி யோசித்துவிட்டு, "ஒரே ஊரில் இருக்கிற பேராசிரியரைப் பத்திரிகையில் தேடுவானேன்? சரியான எண்ணோடு அமீனா ஒரு முறை போகட்டும். அவர் இல்லையென்றால் வீட்டிலுள்ள வயது வந்தவரிடம் கொடுக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் பத்திரிகை" என்றாராம்.

பத்திரிகையில் வந்தால் கல்லூரி முழுக்கப் படிக்கும். அப்படியும் படிக்கட்டும். நான் கதவைத் திறக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 27

அம்மாவின் முன்னேற்றம் என்னை வியக்க வைக்கிறது. இடக்கையால் எழுதப் பழகுகிறாள். மடியில் பலகை, அதன்மேல் பழைய காலண்டர் தாள்கள். முதலில் கோடுகள். பின்பு வட்டங்கள். இன்று முழு எழுத்துகள்: 'ஆ', 'வு', 'டை'. 'டை'யின் சுழி கீழே சரிந்துவிடுகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப எழுதுகிறாள். என் முதுகலை மாணவர்களிடம் இந்த ஊக்கத்தில் கால்பங்கைக் கண்டதில்லை.

"பிசியோதெரபியா?" என்று ஜெபமணியைக் கேட்டேன்.

"ஆமா சார். கைக்கு நல்லதுல்லா" என்றாள்.

நல்ல பேனாவாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தடிமனானது, பிடிக்க எளிதானது. அம்மா அதை வாங்கிக்கொண்டு என்னை நெடுநேரம் பார்த்தாள். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 3

வராந்தா விளக்கு மாற்றினேன். அமீனா இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 7

சார்பு ஆகிவிட்டது.

காலை பத்து மணி. உலகம்மை காய்கறி வாங்கப் போயிருந்தாள். ஜெபமணி உள்ளே கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அம்மா வராந்தா வெயிலில். சைக்கிள் சத்தம் கேட்டதும் வழக்கம்போலப் பின்கதவு வழியாகத் தனுஷ்கோடியின் தோட்டத்துக்குப் போனேன். பிறகு நடந்தவை மதிலுக்கு அப்பாலிருந்து என் காதில் விழுந்தவை.

"சார் இருக்காங்களாம்மா?"

"இல்ல. அடுத்த வீட்டுல செம்பருத்தி பாக்கப் போயிருக்கான்."

இத்தனை மாதங்களில் அம்மாவிடமிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. ஒரு சொல் குழறவில்லை.

"அப்ப வீட்ல வேற யாராவது..."

"நான் இருக்கேன்ல. அவன் அம்மா. இங்கனதான் குடியிருக்கேன். கொண்டாரும்."

"இல்லம்மா, வயசு வந்தவங்கதான் வாங்கணும்னு..." அவரும் குழம்பிவிட்டார் போலும்; எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார்.

"எனக்கு எம்பத்திரண்டு ஓய். இன்னும் எம்புட்டு வரணும்?"

அமீனா சிரித்துவிட்டார். பிறகு தாள் புரளும் சத்தம். நான் மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கலாம். 'வேண்டாம்' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் குரல் கொடுத்தால் நான் வீட்டருகில் இருப்பது உறுதியாகிவிடும். என் கையிலேயே கொடுத்துவிடுவார். நானே வகுத்த நடைமுறையின்படி எனக்குத் திறந்திருந்த ஒரே வழி அசையாமல் நிற்பது. நின்றேன்.

"இங்கயா?"

"ஆமாம்மா. பேரு எழுதத் தெரியுமா, இல்ல கைநாட்டா? மை கொண்டாந்திருக்கேன்."

"எழுதுவேன். பொறும்."

பொறுத்தார். நானும் பொறுத்தேன். தனுஷ்கோடிகூட உரம் போடுவதை நிறுத்திவிட்டார்.

திரும்பி வந்தபோது அம்மாவின் மடியில் அழைப்பாணையும் பிராதின் நகலும் இருந்தன. அமீனா கொண்டுபோன தாளின் கீழ் அவள் கையெழுத்து எப்படியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் பேனா திறந்திருந்தது. நான் வாங்கிக் கொடுத்த பேனா.

ஜெபமணியை வேலையிலிருந்து நீக்குவது பற்றி யோசித்தேன். அவள் செய்த குற்றம் எதுவென்று வரையறுக்க முடியவில்லை.

செப்டம்பர் 8

என் பிழை எளிமையானது. உலகம்மையைக் கணக்கில் கொண்டேன். ஜெபமணியைக் கணக்கில் கொண்டேன். வீட்டில் வசிக்கும் வயது வந்தவர்களின் கணத்தில் அம்மாவைச் சேர்க்கவே இல்லை. ஒரு முதலாண்டு மாணவன் இதைச் செய்திருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் அடித்திருப்பேன்.

ஐயாத்துரை இதற்கும் வழி வைத்திருக்கிறார்.

"ஒரு பிரமாணப் பத்திரம் போடும் வே. பக்கவாதத்துக்கு அப்புறம் அம்மாவுக்குச் சுயநினைவு சரியில்ல, எதுல கையெழுத்துப் போடுதோம்னு தெரியாதுன்னு. சார்பு செல்லாமப் போயிரும். அதோட இன்னொண்ணு கேளும். புத்தி தெளிவா இல்லாதவங்கள யாரு பாக்கலாம், பாக்கக் கூடாதுன்னு பராமரிக்கவர் முடிவு பண்ணலாம்னு வாதாடலாம். ஒரே கல்லு."

மாதிரிப் படிவம் அனுப்பினார். "மேற்படி ஆவுடையம்மாள் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நான் உண்மையாக அறிவேன்" என்ற வாக்கியத்தை நான் செம்மைப்படுத்தினேன். கீழே என் பெயரும் கையொப்பத்துக்கான கோடும்.

செப்டம்பர் 11

சோதிக்காமல் ஒரு கூற்றில் கையொப்பமிடுவது என் வழக்கமன்று. இன்று ஞாயிறு. ஜெபமணி தேவாலயத்துக்குப் போயிருந்தாள். அம்மாவின் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்.

"இன்று என்ன கிழமை?"

"ஞாயித்துக்கெழம."

"இது யார் வீடு?"

"ஒன் வீடு. நீ சொல்லிச் சொல்லித்தான் கேட்டிருக்கேனே."

"நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள்."

"தொண்ணூத்தி மூணு. எம்பத்தாறு. எழுவத்தொம்பது." நிறுத்தி என்னை ஏறிட்டாள். "காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கியாக்கும்?"

"புதன்கிழமை எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று தெரியுமா?"

"தெரியும். என் மக என்னையப் பாக்கதுக்குக் கேஸ் போட்டிருக்கா. நீ வாங்காம ஒளிஞ்சே. நான் வாங்குனேன்." மூச்சு வாங்கினாள். தண்ணீர் கொடுத்தேன், இடக்கையால் டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டாள். "இப்ப நான் கேக்கேன், நீ சொல்லு. அவ மேல ஒனக்கு என்னல கோவம்?"

"உங்களுக்குத் தெரியும்."

"கொள்ளி வச்சதா?"

டம்ளரை வாங்கி மேசையில் வைத்தேன்.

"அவ எங்க வச்சா? நான் வைக்கச் சொன்னேன். அவ அழுதா. 'அண்ணன் வரட்டும்மா, அண்ணன் வரட்டும்மா'ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. நாந்தான் ஈரச்சேலையக் கட்டிவிட்டேன். நீ போன்ல வியாழக்கிழம பேசணும்னே. சரிய்யா, பேசிட்டு வான்னேன். வீட்டுல கெடக்க மனுசன் வியாழக்கிழம வரைக்கும் கெடப்பாராடே?"

"இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"நீ கேட்டியா?"

பிறகு அவள் களைத்துவிட்டாள். போர்வையை இழுத்து விட்டேன். ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

செப்டம்பர் 12

பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிடவில்லை. காரணம் உணர்ச்சி சார்ந்ததன்று. அதிலுள்ள கூற்று பொய். சோதனை செய்து பொய்யென்று நிறுவப்பட்ட ஒரு கூற்று என் பெயரில் நீதிமன்றக் கோப்பில் இருக்க நான் அனுமதிக்க முடியாது.

ஐயாத்துரை, "அப்ப எதுக்கு வே இத்தன மாசம் செம்பருத்தி பாத்தீரு?" என்றார்.

செப்டம்பர் 14

நீதிமன்றம். கூரை விசிறி சுற்றுகிறது. காற்று கீழே வருவதில்லை. வடிவு மறுபக்க பெஞ்சில், மடியில் பையோடு. தலை பாதி நரைத்துவிட்டது. அவள் என்னைவிட ஏழு வயது இளையவள்.

வழக்கு அழைக்கப்பட்டதும் எழுத்தர் அமீனாவின் அறிக்கையை வாசித்தார். "பிரதிவாதி வீட்டில் இல்லாததால், அவருடன் வசிக்கும் தாயார் ஆவுடையம்மாள் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டார்." வடிவு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா பேனா பிடிக்கிறாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. ரஹ்மத் பேகம் எழுத்தரிடம் அனுமதி கேட்டு, அந்தத் தாளை வாங்கி அவளிடம் காட்டினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். எதிரியின் வழக்கறிஞரைப் பற்றி இதுவரை எழுதிய பாராட்டுகளோடு இதையும் சேர்க்கிறேன்: வாதத்தைத் தொடங்க அவர் அவசரப்படவில்லை.

பிறகு தாள் என்னிடம் வந்தது. 'ஆவுடையம்மாள்'. எழுத்துகள் வரிசை தாண்டி மலையேறியிருந்தன. 'டை'யின் சுழி சரியாக வந்திருந்தது.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சார்பு முறையாக ஆகவில்லை என்று ஆட்சேபணை ஏதும் உண்டா?"

ஐயாத்துரை எழுந்தார். நான் அவர் கோட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு எழுந்தேன்.

"இல்லை. வாங்கியவர் வயது வந்தவர். என் குடும்ப உறுப்பினர். என்னோடு வசிப்பவர். தெளிந்த மனத்தோடு வாங்கியிருக்கிறார்."

"இடைக்கால மனுவுக்கு?"

"ஆட்சேபணை இல்லை."

பிரதான வழக்கு நடக்கும். அதுவரை ஞாயிறுதோறும் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை என்று உத்தரவு. வெளியே வந்தபோது வடிவு படிக்கட்டில் நின்றாள். நான் அவளைக் கடந்து போனேன். என் கோபம் அப்படியே இருக்கிறது. இப்போது அது யார்மீது என்பதில் மட்டும் ஒரு தெளிவின்மை.

செப்டம்பர் 18

ஞாயிறு. ஒன்பது மணிக்கே கேட்டின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன், இறுகியிருந்தது. அம்மாவின் அறையில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டேன்.

வடிவு பத்து மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"அண்ணே, வரட்டா?"

"உத்தரவில் இருக்கிறது. வா."

உலகம்மை ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா தாயி, வா. எளச்சுப் போய்ட்டியே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனாள். ஜெபமணி அறைக் கதவைச் சாத்தினாள். நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்தேன்.

முதலில் அழுகை. பிறகு நெடுநேரம் பேச்சு. வடிவு ஏதோ ஒரு எருமை தன்னை உதைத்த கதையைச் சொல்லியிருக்க வேண்டும், அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இருக்கக்கூடிய ஒன்று என்று எனக்குத் தெரியாது. செய்தித்தாளை மடித்தேன். எழுந்து கதவருகே போனேன். உத்தரவில் பிரதிவாதி அந்நேரம் உள்ளே இருக்கலாமா கூடாதா என்று எதுவும் சொல்லப்படவில்லை. தட்டலாம் என்று கையை உயர்த்தினேன். இறக்கினேன். மறுபடி உயர்த்தினேன். கதவின் கீழிடுக்கில் என் நிழல் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே பேச்சு நின்றது.

"யாருல அது வாசல்ல?" என்றாள் அம்மா. "உள்ள வாரதுக்கு ஒனக்கும் சம்மன் விடணுமா?"

போனேன்.